இறங்காத விதை



ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும் தாய், விதைப்பையின் ஒரு பக்கம் வெறுமையாயிருக்கக் கண்டு திடுக்கிடுகிறாள். கணவனிடங்கூடச் சொல்லக் கூசுகிறாள். கூசுவதற்கு இதில் ஒன்றுமில்லை. நிறைமாதத்திற் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேருக்கு இக்குறை உண்டு. குறைமாதக் குழந்தைகளில் இன்னும் அதிகம்.

கருவிலே வயிற்றினுள் தோன்றும் விதை பிறக்குமுன் கீழிறங்க வேண்டும். வழியிலே தங்கியதும் முதற் சில மாதங்களிற் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். 6 மாதமாகியும் இறங்காவிடின் மேலும் காத்திருப்பதாற் பயனில்லை. எண்ணெய் தடவி உருவுதல் வேண்டவே வேண்டாம். உடற்சூட்டிலே கிடக்கும் விதை நாளடைவிற் பழுதுறும். பிற்காலத்திற் புற்றுநோய் காணும் வாய்ப்பும் கூடும். ஆகையால் 18 மாதத்துள் சத்திரசிகிச்சை செய்விப்பதே நன்று.

பச்சிளம் பாலகனுக்கு மயக்க மருந்தா என்று பெற்றோர் கலங்குவர். கலக்கம் நியாயமானதே. ஆயினும் அடிவயிற்றோரம் சிறு கீறலிட்டு, விதையை இறக்கிப் பையிலே நிறுத்துவர். பெரும்பாலான குழந்தைகள் அன்றோ மறுநாளோ வீடு திரும்புகின்றன.

குளிருக்கு மேலேறி, வெந்நீரில் இறங்கிவரும் விதை வேறு. அதனை ஆண்டுதோறும் வைத்தியரிடம் காட்டிவந்தாற் பெரும்பாலும் போதும்.