மண்ணைத் தாங்கும் சுவர்

(தொடர்கல்வி மையக் கூட்டத்தில் படிப்பதற்காக எழுதிய பேச்சு)

 

இன்றைய பேச்சு சுவரைப் பற்றியது. வீட்டுச் சுவர் அல்ல. வீட்டுக்குப் பின்னாலும் முற்றத்துக்குக் கீழேயும் மண் சரியாமல் இருக்கக் கட்டுகிறார்களே, அந்தச் சுவர். சிலர் தடுப்புச் சுவர் என்பார்கள். சிலர் தாங்குசுவர் என்பார்கள். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பக்கம் ‘கட்டு’ என்றாலே போதும். எல்லோருக்கும் புரியும். அட்டப்பாடியிலும் நெல்லியாம்பதியிலும் இதே கதைதான். சமமான இடம் குறைவு. சரிவை வெட்டினால்தான் வீட்டுக்கு இடம் கிடைக்கும். வெட்டிய இடத்தில் மண்ணைத் தாங்க ஒரு சுவர் வேண்டும்.

இந்தச் சுவரை மக்கள் கடைசியில்தான் நினைக்கிறார்கள். வீடு கட்டி, பெயிண்ட் அடித்து, பால் காய்ச்சிய பிறகு மிச்சப் பணம் இருந்தால் கட்டுவார்கள். அது தவறு. மலைச் சரிவில் இதுதான் முதல் வேலை.

அட்டப்பாடிக்கு அந்தப் பக்கம்தான் மேட்டுப்பாளையம். அங்கே நடூர் என்று ஓர் இடம். 2019 டிசம்பர் 2ஆம் தேதி, விடியாத நேரம். பலத்த மழை பெய்திருந்தது. உயரமான ஒரு கருங்கல் சுற்றுச்சுவர் சரிந்தது. கீழே இருந்த ஏழைகளின் வீடுகள் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 17 பேர் இறந்தார்கள். ஓலைச் சுவரோ மண் சுவரோ இல்லை, கருங்கல் சுவர். சுவர் கனமாக இருந்தால் பயமில்லை என்று நினைப்பவர்கள் நடூரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சுவரைத் தள்ளுவது எது? மண். அந்தத் தள்ளலுக்கு ஒரு கணக்கு உண்டு. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

3 அடி உயரச் சுவர் ஒன்று. பின்னால் சாதாரண மண், மேலே சமதளம். மண் அந்தச் சுவரைத் தள்ளுகிறது. ஓர் அடி நீளத்துக்குச் சுமார் 75 கிலோ. இப்போது சுவரை 6 அடி உயரமாக்குங்கள். உயரம் இரண்டு மடங்கு ஆகிறது. தள்ளலும் இரண்டு மடங்கு என்று நினைப்போம். அப்படி இல்லை. நான்கு மடங்கு. ஓர் அடி நீளத்துக்கு 300 கிலோ! 30 அடி நீளமுள்ள முற்றம் என்றால் மொத்தம் 9,000 கிலோ, அதாவது 9 டன்.

இது தண்ணீர் தேங்காத மண்ணின் கணக்கு. மழை பெய்து சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? மண்ணோடு தண்ணீரும் சேர்ந்து தள்ளும். 300 கிலோ என்பது 600 கிலோவைத் தாண்டிவிடும். சுவர் அதே சுவர்தான். நேற்று நின்றது, இன்று விழுகிறது. வித்தியாசம் தண்ணீர்தான்.

அதனால் சுவர் கட்டுவதில் பாதி வேலை தண்ணீரை வெளியேற்றுவது. வீட்டுக்காரம்மாவுக்கும் மேஸ்திரிக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்:

“என்ன மேஸ்திரி, சுவரில் ஓட்டை வைக்கிறீங்க? மழை பெய்தால் அழுக்குத் தண்ணி வழிஞ்சு சுவர் கறையாயிடுமே?”

“அப்ப வேண்டாமாக்கா? அடைச்சுப் பூசிரட்டுமா?”

“பூசிருங்க. பார்க்க நல்லா இருக்கட்டும்.”

மேஸ்திரிக்கும் வேலை மிச்சம். அக்காவுக்கும் சுவர் அழகு. இரண்டு மழைக்காலம் கழித்துச் சுவர் வயிறு தள்ளி நிற்கும்.

ஓட்டை கட்டாயம் வேண்டும். 3 அங்குல பி.வி.சி. குழாயைத் துண்டு துண்டாக வெட்டிச் சுவரில் பதிக்க வேண்டும். குழாய் வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். முதல் வரிசை தரையில் இருந்து ஓர் அடிக்குள். குழாய்க்குக் குழாய் 5 அடிக்கு மேல் இடைவெளி கூடாது. அடுத்த வரிசைக் குழாய்கள் கீழ் வரிசைக் குழாய்களுக்கு நேர் மேலே வரக் கூடாது, நடுவில் வர வேண்டும். 30 அடி நீளம், 6 அடி உயரம் உள்ள சுவருக்கு ஓர் அடித் துண்டுகள் 12 அல்லது 13 போதும். ஒரு முழுக் குழாய் 20 அடி நீளம் வரும். ஆக, ஒரே குழாயில் வேலை முடிந்து மிச்சமும் இருக்கும். மொத்தச் செலவில் இது ஒரு பெரிய தொகையா?

குழாயை மட்டும் வைத்தால் போதாது. சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி கொட்ட வேண்டும். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் துணி போன்ற வடிகட்டிப் பாய் ஒன்று விற்கிறது, அதை விரிக்கலாம். இல்லாவிட்டால் மண் வந்து ஜல்லியை அடைத்துவிடும். ஜல்லிக்கு மேலே கடைசி ஓர் அடிக்குக் களிமண் போட்டு இறுக்கினால் மேல் தண்ணீர் உள்ளே இறங்காது. முற்றத்துத் தண்ணீரைச் சுவருக்கு வர விடாமல் ஒரு சால் வெட்டிப் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும். கூரைத் தண்ணீரும் அடுக்களைத் தண்ணீரும் சுவருக்குப் பின்னால் விழக் கூடாது. கக்கூஸ் குழியை அங்கே தோண்டவே கூடாது. சிலர் அந்த இடத்தில் வாழை வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வாழைக்கு வேறு இடமா இல்லை?

இனிச் சிமெண்டுக் கட்டைக்கு வருவோம். ஹாலோ பிளாக், சாலிட் பிளாக் என்று கடையில் கிடைக்கும். பெரிய கட்டை 16 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 8 அங்குல உயரம். மலைப் பக்கம் கருங்கல் உடைத்துக் கொண்டுவரும் செலவு கூடிவிட்டதால் பலரும் கட்டைக்கு மாறிவிட்டார்கள். கட்டை கெட்டதல்ல. ஆனால் கட்டை வீட்டுச் சுவருக்காகச் செய்தது. வீட்டுச் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குகிறது. தாங்குசுவர் பக்கத்தில் இருந்து வரும் தள்ளலைத் தாங்க வேண்டும். இரண்டும் வேறு வேலை.

8 அங்குலக் கட்டையை ஒற்றையாக அடுக்கி 6 அடி உயரம் கட்டுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். கம்பி இல்லை. அகல அடித்தளம் இல்லை. அந்தச் சுவரின் எடை ஓர் அடி நீளத்துக்கு 240 கிலோ அளவுதான். அதைத் தள்ளும் மண் 300 கிலோ. பூச்சு வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது சுவர் அல்ல, திரைச்சீலை.

3 அடி வரை உயரம் என்றால் சாலிட் கட்டையைக் குறுக்கே வைத்து, 16 அங்குல கனத்தில் கட்டலாம். அதற்கு மேல் உயரம் வேண்டும் என்றால் கம்பியும் கான்கிரீட்டும் வேண்டும். அடித்தளத்தின் அகலம் உயரத்தில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரை இருக்க வேண்டும். 6 அடிச் சுவருக்குச் சுமார் 4 அடி. அந்த அகலத்தில் பெரும் பகுதி பின்பக்கம், நிரப்பப் போகும் மண்ணுக்கு அடியில் போக வேண்டும். அப்போது மண்ணின் பாரமே அடித்தளத்தை அழுத்திப் பிடிக்கும். தள்ளும் மண்ணையே தாங்கும் மண்ணாக மாற்றும் வழி இது. அடித்தளத்தில் இருந்து கம்பி எழுந்து ஹாலோ கட்டையின் ஓட்டை வழியாக மேலே வரும். அந்த ஓட்டையைக் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டும். கம்பி மண் பக்கமாக இருக்க வேண்டும். ஏனென்றால் மண் தள்ளும்போது சுவரின் பின்பக்கம்தான் இழுபடும். வெளிப்பக்கம் கம்பி வைத்தால் கம்பிக்குக் கொடுத்த காசு வீண். எத்தனை கம்பி, எத்தனை மில்லி என்பதைப் பொறியாளரிடம் கேட்டே ஆக வேண்டும். ஊர் மேஸ்திரி எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் இது கண் அளவில் சொல்லும் விஷயம் இல்லை.

இடம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. 6 அடியை ஒரே சுவராகக் கட்டாமல் 3 அடி வீதம் இரண்டு படியாகக் கட்டுவது. நடுவில் 6 அடி விட வேண்டும். அந்த இடத்தில் மிளகோ காய்கறியோ வைக்கலாம். ஏலத் தோட்டத்திலும் மிளகுத் தோட்டத்திலும் பழைய ஆட்கள் கையாலை போட்டது இந்த முறையில்தான். கல்லைச் சிமெண்டு இல்லாமல், மலைப் பக்கம் சாய்த்து அடுக்கினார்கள். இடுக்கு வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும். குழாயே தேவையில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்திலும் கேரளத்தில் எத்தனையோ கையாலைகள் போட்டிருக்கிறார்கள். படிக்காதவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் கண்டுபிடித்த பொறியியல் அது.

எந்தச் சுவரானாலும் அஸ்திவாரம் கெட்டி மண்ணில் இறங்க வேண்டும். வெட்டிக் கொட்டிய மண் மேல் நிற்கக் கூடாது. பின்பக்கத்து மண்ணை ஒரே நாளில் ஹிட்டாச்சியால் தள்ளி நிரப்பக் கூடாது. அரை அடி, அரை அடியாகப் போட்டு இடிக்க வேண்டும். கான்கிரீட்டுக்கு ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். இந்த வேலைக்குக் காலம் தை முதல் சித்திரை வரை. ஜூனில் பருவமழை தொடங்கினால் ஐப்பசி, கார்த்திகை வரை மலையில் ஈரம் போகாது.

மண் வெட்டும்போது ஆள் புதைவதும் நடக்கிறது. செங்குத்தாக வெட்டி, அதன் அடியில் குனிந்து நின்று வானம் தோண்டுவார்கள். மேலே விரிசல் விட்டிருப்பது கீழே இருப்பவருக்குத் தெரியாது. மேலே ஒருவர் நின்று பார்க்க வேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பில் குவிக்கக் கூடாது. முழு நீளத்தையும் ஒரே தடவை வெட்டாமல் பகுதி பகுதியாக வெட்டிக் கட்ட வேண்டும்.

இனி, ஏற்கனவே கட்டிய சுவர். வீட்டில் சுவர் இருப்பவர்கள் இன்று போனதும் போய்ப் பாருங்கள். நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா? படுக்கை வசத்தில் விரிசல் இருக்கிறதா? முற்றத்தில் சுவருக்கு இணையாக நீளமாக வெடித்திருக்கிறதா? நல்ல மழையிலும் குழாயில் ஒரு சொட்டு வரவில்லையா? அப்படியானால் குழாய் அடைத்துவிட்டது. நீண்ட கம்பியால் குத்தி எடுங்கள். குழாயே இல்லாத சுவரில், வெயில் காலத்தில், கீழ் வரிசையில் துளை போட்டுக் குழாய் பதிக்கலாம்.

விரிசலைக் கண்டதும் சிமெண்டு பூசி மறைப்பது ஊர் வழக்கம். மறைத்தால் விரிசல் வளர்கிறதா என்று எப்படித் தெரியும்? விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். எழுதக் கற்றது இதற்கும் உதவும். அல்லது ஒரு சிறிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே சிமெண்டு வைத்து ஒட்டுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். தூக்குக் குண்டு கட்டிச் சாய்வை அளந்து, மாதம் ஒரு தடவை குறித்து வையுங்கள்.

சாய்வு கூடிக்கொண்டே போனால் பூச்சு வேலை பயன்படாது. பின்னால் இருக்கும் மண்ணை மேலிருந்து இறக்கிப் பாரத்தைக் குறைத்து, சிறு சிறு பகுதியாகப் பிரித்துக் கட்ட வேண்டும். சுவரின் அடியில் ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்கக் கூடாது. கீழே வீடு இருந்தால் வேலை முடியும் வரை அவர்கள் வேறு இடத்தில் தூங்க வேண்டும். அது சுவர்க்காரரின் பொறுப்பு. நடூரில் இறந்தவர்கள் யாரும் அந்தச் சுவரைக் கட்டியவர்கள் அல்ல.

இவ்வளவும் முற்றத்து மண்ணுக்குத்தான். மலையே இறங்கினால் எந்தச் சுவரும் நிற்காது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் அதுதான் நடந்தது. மேலே வெகு தூரத்தில் உடைந்த மண்ணும் பாறையும் தேயிலைத் தொழிலாளர் லயங்களை அடித்துப் போயின. காணாமல் போனவர்களையும் சேர்த்து 70 பேரை இழந்தோம். பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தினர். அங்கே யாரும் சுவரைத் தவறாகக் கட்டவில்லை.

ஆகவே மழை நாளில் கவனிக்க வேண்டியது வேறு. ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, திடீரென்று நின்றாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, கதவு சட்டத்தில் இறுகினாலோ, முற்றத்தில் புதிய இடத்தில் சேற்றுத் தண்ணீர் கொப்பளித்தாலோ காத்திருக்கக் கூடாது. 1077 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் மாவட்ட அவசர உதவி மையம் கிடைக்கும். போன் கிடைக்காவிட்டால் முதலில் வெளியேறுங்கள்.

வெளியேறியவர்கள் திரும்பிப் போவதும் ஆபத்து. 2025 அக்டோபரில் அடிமாலி கூம்பன்பாறையில் மண் சரியும் முன்பே மக்களை வெளியேற்றிவிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பியிருந்த கணவனும் மனைவியும் சிக்கினார்கள். கணவர் இறந்தார். ரேஷன் கார்டு, ஆதார், பட்டயம், பிள்ளைகளின் சான்றிதழ் இவற்றுக்காகத்தான் பெரும்பாலும் ஆட்கள் திரும்பிப் போகிறார்கள். அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வைகாசி பிறந்ததுமே கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுங்கள்.