ரிமோட் கைக்கு எட்டாதபோது



நடுக்கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி முழங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்து அறையில் ஒரு பிள்ளை மறுநாள் தேர்வுக்குப் படிக்கிறது. ஒலியைக் குறைக்கலாமென்றால் ரிமோட்டைக் காணோம்; அல்லது ரிமோட் கையில் இருக்கிறது, அதனுள் இருக்கும் பேட்டரியின் உயிர் போய்விட்டது. இத்தகைய வேளையில் நம்மவர் பெரும்பாலும் செய்வது ஒன்றே. சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிடுவார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், வீட்டில் தனித்திருக்கும் முதியவர் ஒருவருக்கு அன்றைய செய்தியும் வேண்டும், அடுத்த வீட்டாரின் பொல்லாப்பும் வேண்டாம் என்றால், அவர் என்ன செய்வார்? அவரை மனத்திற்கொண்டே இந்த உரையை அமைத்திருக்கிறேன்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொடங்கியது. 1976 ஏப்ரலில் தனியாகப் பிரியும் வரை அது அகில இந்திய வானொலியின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆதலால், எங்கள் வீட்டில் பிறந்து பின்னர் தனிக்குடித்தனம் போன பிள்ளையைப் பற்றிச் சற்று உரிமையோடு பேசினால் நேயர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

அந்நாளைய பெட்டிகளில் ஒலிக்கென்று ஒரு குமிழ் இருந்தது. வலப்புறம் திருகினால் ஒலி ஏறும். இடப்புறம் திருகினால் இறங்கும். எழுத்தறியாதவரும் அதை இயக்கலாம். கண் பார்வையற்றவரும் இயக்கலாம். அக்குமிழுக்குப் பின்னால் வில்போல் வளைந்த கரிப் பூச்சு ஒன்றும், அதன்மேல் நகரும் ஓர் உலோக நாக்கும் இருந்தன. நம் செவிக்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஆற்றலை இரு மடங்காக்கினால் ஓசை இரு மடங்காகக் கேட்பதில்லை. ஏறக்குறைய பத்து மடங்காக்கினால்தான் அவ்வாறு கேட்கிறது. இந்தக் கணக்குக்கு இசையும்படியே, கரிப் பூச்சின் தடை ஓரிடத்தில் மெல்லவும் வேறோரிடத்தில் விரைவாகவும் மாறுமாறு அமைத்தார்கள். அதனால்தான் குமிழைத் திருகிய அளவுக்கு ஒலியும் சீராக ஏறி இறங்கியது. நாட்பட்டால் தூசி படிந்து கரகரக்கும். குறை என்று சொல்ல அது ஒன்றுதான். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. ஊருக்குப் பொதுவாக வைத்த பெட்டியின் முன் ஊரே கூடியிருந்தது. அங்கே ரிமோட் காணாமற்போயிற்று என்ற பேச்சுக்கு இடமேது?

ரிமோட் பிறந்த கதையிலும் ஒலிக்கு ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் ஜெனித் என்னும் நிறுவனம் 1950-இல் முதன்முதலாக ஒரு கைக்கருவியை விற்றது. அதற்கும் பெட்டிக்கும் இடையே நீண்ட கம்பி ஓடியது. வீட்டார் அதில் கால் தடுக்கி விழுந்தார்கள். 1955-இல் யூஜீன் பாலி என்பவர் கைவிளக்குப் போன்ற ஒரு கருவியைச் செய்தார். பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரும் கண்கள் இருந்தன. ஒரு மூலையில் ஒளியைப் பாய்ச்சினால் ஒலி அடங்கும். விளம்பரங்களின் வாயை அடக்கவேண்டும் என்பதே அந்நிறுவனத் தலைவருக்கு இருந்த பேராவல். ஆனால், மாலை வெயில் பெட்டியின்மேல் விழுந்தாலும் அது தானே இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, வியன்னாவில் பிறந்த ராபர்ட் ஆட்லர், சிறு சுத்தியலால் அலுமினியத் தண்டைத் தட்டி, செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பும் கருவியைத் தந்தார். அதற்குப் பேட்டரியே வேண்டியதில்லை! இன்று நம் கையில் இருப்பது பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியால் இயங்குவது. அதற்குப் பேட்டரி வேண்டும். நம் துன்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ரிமோட் உண்மையாகவே செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. கைப்பேசியின் கேமராவுக்குப் பெரும்பாலும் தெரியும். ரிமோட்டின் முனையைக் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் வெளிறிய ஒளி மின்னினால் ரிமோட் பிழைத்திருக்கிறது. சில கைப்பேசிகளின் பின்புறக் கேமரா இவ்வொளியை வடிகட்டிவிடும். அப்போது முன்புறக் கேமராவில் பாருங்கள். ஒளி வருகிறது, பெட்டி மட்டும் கேட்கவில்லையென்றால், பெட்டியின் கண்ணை ஏதேனும் மறைத்திருக்கக்கூடும். பெட்டியின் முன் வைத்த கொலுப் பொம்மையும், புதிதாக வாங்கிய நீண்ட ஒலிபெருக்கியும் இப்பழியைச் செய்வதுண்டு. ஒளி வரவில்லையென்றால், பேட்டரிகளை எடுத்து, அவை தொடும் கம்பிச் சுருளில் பச்சை பூத்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, மீண்டும் பொருத்திப் பார்க்கலாம்.

இதற்கும் மசியாவிட்டால் பெட்டியிடமே செல்ல வேண்டியதுதான். இக்காலத்துப் பெட்டிகளில் பொத்தானே இல்லை என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் உண்டு, ஒளித்து வைத்திருக்கிறார்கள். அழகுக்காக அப்படிச் செய்தார்களாம். குமிழ் இருந்த பெட்டி அழகில்லாமலா இருந்தது? அது கிடக்கட்டும். கீழ் விளிம்பின் நடுவில், தயாரித்தவரின் பெயர் பொறித்த இடத்துக்கு அடியில், விரலால் தடவிப் பாருங்கள். அங்கில்லையென்றால் பின்புறத்தில், வலது அல்லது இடது ஓரமாகத் தேடுங்கள். சுவரில் மாட்டிய பெட்டியை முன்னே இழுக்க வேண்டாம். கைப்பேசியைச் சந்துக்குள் நீட்டிப் படம் எடுத்தால் பொத்தான் இருக்குமிடம் தெரிந்துவிடும்.

சில பெட்டிகளில் ஏற்றம், இறக்கம் என்று தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. சிலவற்றில் மிளகளவு குச்சி ஒன்று இருக்கும். அதை ஒரு பக்கம் தள்ளினால் ஒலி ஏறும், எதிர்ப்பக்கம் தள்ளினால் இறங்கும். சிலவற்றில் ஒற்றைப் பொத்தான்தான். அதுதான் சற்றுப் பொறுமையைச் சோதிப்பது. ஒருமுறை மெல்ல அழுத்தினால் திரையில் சிறு படங்கள் வரிசையாகத் தோன்றும். மறுபடியும் மெல்ல அழுத்த அழுத்த, ஒளிக்குறி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். ஒலியைக் குறைக்கும் குறியில் வந்து நின்றதும், பொத்தானை அழுத்தியபடியே பிடித்திருக்க வேண்டும். அவசரப்பட்டு வேறு குறியில் அழுத்திப் பிடித்தால் பெட்டி அணைந்துவிடவும் கூடும். அதனாலும் ஒரு கேடுமில்லை.

கேபிள் அல்லது டிஷ் இணைப்பு உள்ள வீடுகளில் செட்-டாப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்கும் தனியாக ஒலியளவு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தொலைக்காட்சியின் ரிமோட் காணாமற்போனாலும், செட்-டாப் பெட்டியின் ரிமோட்டால் ஒலியை அங்கேயே குறைத்துவிடலாம். குழாயில் வரும் நீரைத் தொட்டியருகிலேயே அடைப்பதைப் போன்றது இது. காதில் மாட்டும் ஒலிப்பான் வீட்டில் இருந்தால், இன்னும் எளிய ஒரு வழி உண்டு. பெட்டியில் அதற்குரிய துளை இருப்பின் அதன் முனையைச் செருகிவிடுங்கள். பல பெட்டிகளில் அந்த நொடியே ஒலிபெருக்கி வாய் மூடிவிடும்.

கைப்பேசியைக் கொண்டும் இயக்கலாம். சில கைப்பேசிகளில் அகச்சிவப்பு விளக்கே பொருத்தப்பட்டுள்ளது. மற்றவற்றில், பெட்டியும் கைப்பேசியும் ஒரே வை-ஃபை இணைப்பில் இருந்தால், அதற்குரிய செயலி வழியாக ஒலியைக் குறைக்கலாம். ஆனால் முதன்முறை இணைக்கும்போது திரையில் ஓர் எண் தோன்றும், அதைக் கைப்பேசியில் பதிய வேண்டும். சில பெட்டிகளிலோ ரிமோட்டை அழுத்தி இசைவு தரச் சொல்லும். ரிமோட் தொலைந்தபின் ரிமோட்டைக் கேட்பதைப் போன்ற வேடிக்கை வேறு உண்டா! ஆகவே, எல்லாம் சரியாக இருக்கும் நாளிலேயே இந்த இணைப்பைச் செய்துவைத்துக்கொள்வது நல்லது.

ஒலி ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அதை உயர்த்துபவர் தாத்தாவோ பாட்டியோதான். முதுமையில் செவி மங்கும்போது முதலில் தேய்வது கீச்சுக் குரலின் பகுதி. ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை அதில்தான் இருக்கிறது. எனவே அவர்களுக்கு ஓசை கேட்கிறது, சொல் விளங்குவதில்லை. ஒலியை ஏற்றிக்கொண்டே போனால் அடித்தொனி இடிபோல் முழங்குமே தவிர, தேய்ந்த எழுத்து மீண்டு வராது. 'பாட்டிக்குக் காது கேட்கவில்லை' என்று ரிமோட்டை ஒளித்துவைக்கும் பேரப்பிள்ளைகளை நான் அறிவேன். அது கொடுமை. செவி மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துச் செல்லலாம். பெட்டியில் பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பு இருந்தால் அதை இயக்கி வைக்கலாம். அவருக்கென்று கம்பியில்லாத காதொலிப்பான் ஒன்று வாங்கித் தரலாம்.

அடுத்த வீட்டாருக்கும் ஒரு நியாயம் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலியின் வரம்பை 45 டெசிபெல் என்று வகுத்திருக்கின்றன. இருவர் அமைதியாக உரையாடும் ஓசையே அதற்கு மேல் போய்விடும்! சுவர் ஒன்றைப் பகிர்ந்து வாழும் அடுக்கு வீடுகளில், நம் திரைப்படத்தின் சண்டைக்காட்சி அப்பக்கத்தில் உறங்கும் நோயாளியின் தலைமாட்டில்தான் நடக்கிறது.

இன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, உங்கள் பெட்டியின் பொத்தானைத் தேடிக் கண்டுபிடியுங்கள். வீட்டிலுள்ள முதியவரின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்து, அவரையே இரண்டுமுறை இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பொத்தானுக்கு நேர் மேலே, பெட்டியின் முன் விளிம்பில், ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டால், இருட்டிலும் அவர் விரல் அதைத் தடவிக் கண்டுகொள்ளும்.