தட்டுற கைக்கும் கூலி உண்டு

(ஜூஜுவாடியில் நடந்த குழுக்கள் கூட்டத்தில், மண்பாண்டத் தொழில் செய்யும் உறுப்பினர் ஒருவர் பேசியது)



"இத்தனை கம்பெனி இருக்கிற ஊருல இன்னும் எதுக்கு மண்ணு பிசையற?" என்று பலர் கேக்கறாங்க. பானைன்னு தமிழில் சொன்னாலும், குண்டன்னு தெலுங்கில் சொன்னாலும், மடிகேன்னு கன்னடத்தில் சொன்னாலும் எனக்கு அது மேல ஆசைதாங்க. வேற காரணம் இல்லை.

ஏரி மண்ணைக் காய வைத்து, கல் பொறுக்கி, ஊற வைத்து, மணல் கலந்து காலால் மிதிக்கிறோம். சின்னக் கல் ஒண்ணு தங்கினாலும் சூளையில் அந்த இடம் தெறிச்சிடும். சக்கரத்திலிருந்து அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடி கிடையாது. பாதி காய்ந்ததும், உள்ளே கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டித்தான் அடியை மூடணும். தட்டுறது பெரும்பாலும் பெண்கள் வேலை. பேர் மட்டும் சக்கரம் சுத்துறவருக்கு!

சிவகங்கை மாவட்டம் மானாமதுரையில் மீனாட்சி கேசவன் என்று ஒரு அம்மா. கச்சேரியில் வாசிக்கிற கடம் செய்யும் குடும்பம். கணவர் சக்கரத்தில் வனைவார், இந்த அம்மா தட்டுவாங்க. ஒரு கடத்துக்கு ஆயிரக்கணக்கான தட்டு. எல்லாப் பக்கமும் ஒரே கனம் வந்தால்தான் நாதம் சரியாகப் பேசும். வெந்த பிறகு திருத்த முடியாது. இந்தக் கைவேலைக்காக 2013-ஆம் ஆண்டின் சங்கீத நாடக அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது. 2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது.

இதைக் கேட்ட அன்னைக்கு ராத்திரி, என் பானைகளை ஒவ்வொண்ணாச் சுண்டிப் பார்த்தேன். கணீர்னு கேட்டது. இத்தனை வருஷமா என் கை செய்த வேலை அதுன்னு அப்பத்தான் உறைச்சது.

அப்புறம் குழுவில் கடன் கேட்டபோது, செலவுக் கணக்கு எழுதச் சொன்னாங்க. மண்ணு, விறகு, வைக்கோல், வண்டி வாடகை எல்லாம் எழுதினேன். "உன் கூலி எங்கே?" என்றார் எங்க ஊக்குநர். எனக்குப் பதில் வரலை. நான் தட்டுற நேரத்தை நானே கணக்கில் சேர்க்கலையே! கூலி சேர்க்காமல் வைத்த விலையில் எப்படி லாபம் வரும்? கம்பெனிக்குப் போற என் மகள் எப்படி இந்த வேலையை மதிப்பாள்? இப்போ கூலியையும் சேர்த்துத்தான் விலை சொல்றேன். சிலர் வாங்காமல் போறாங்க. வாங்குறவங்க திரும்ப வர்றாங்க.

இன்னொண்ணு. ஏரியில் களிமண் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம். இந்தத் தொழில் செய்யும் சகோதரிகள் மனு எழுதுங்கள்.

பானை செய்தாலும், இட்லிக்கடை வைத்தாலும், தையல் போட்டாலும், உங்க கணக்கு நோட்டில் உங்க கூலிக்கு ஒரு வரி எழுதுங்க.