பக்தையின் வாயை அடைத்தது யார்?

வேலை முடிந்த கையோடு விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் தோழர்களே, பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே!

2015 மார்ச் 12, விடியாத நேரம். சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் புதிய தலைமுறை தொலைக்காட்சி அலுவலகத்தின் மீது மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் குண்டு வீசினார்கள். டிபன் பாக்ஸ் குண்டு. உழைக்கிறவர்கள் மதியச் சோறு கட்டிக்கொண்டு போகிற டப்பாவில் வெடிமருந்தை அடைத்துக் கொண்டுவந்து எறிந்தார்கள். நல்லவேளையாக எந்த உயிரும் போகவில்லை.

அந்தத் தொலைக்காட்சி செய்த குற்றம்தான் என்ன? மகளிர் தினத்துக்கு ஒரு விவாத நிகழ்ச்சி தயாரித்தது. தாலி பெண்ணுக்குப் பெருமையா, சிறுமையா என்று கேட்டது. முன்னோட்டம் மட்டும்தான் ஒளிபரப்பானது. மார்ச் 8 அன்று இந்து முன்னணியினர் அலுவலகத்தின் முன்னால் திரண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ஒளிப்பதிவாளர் ஒருவர் தாக்கப்பட்டார். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் நான்காம் நாள் குண்டு வந்தது. ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் தலையிலேயே குண்டையும் கட்டிவிடுவது நியாயமாகாது. ஆர்ப்பாட்டம் செய்ய யாருக்கும் உரிமை உண்டு. கேமரா பிடித்தவனை அடிக்கத்தான் யாருக்கும் உரிமை இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அது விவாத நிகழ்ச்சி. விவாதம் என்றால் இரண்டு பக்கம் உண்டு. “தாலி என் உயிர், அதைக் கழற்றச் சொல்ல நீ யார்?” என்று கேட்கிற பெண்ணுக்கும் அங்கே இடம் உண்டு. தாலியைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் தாலிக்காகப் பேச வேண்டிய பெண்ணின் குரலையும் சேர்த்தே அடைத்தார்கள். மதம் புண்பட்டது என்ற கூச்சலில் முதலில் அமுங்கிப்போவது பக்தையின் குரல்தான். அவள் சார்பாகப் பேச ஆண்கள் கிளம்பிவிட்டார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆடியில் விதைக்கும் உரத்துக்கும் பணமில்லை என்றால் முதலில் அடகுக்கடைக்குப் போவது எது? தாலிக் குண்டும் தாலிச் சங்கிலியும்தானே! பொன்னைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிப் போட்டுக்கொண்டு, அதில் நாலு ஊக்கையும் மாட்டிக்கொண்டு நடவுக்குப் போகிறவள் அவள். வட்டி ஏறுவதும் அவளுக்குத்தான் தெரியும், மூழ்கிப்போகும் என்ற பயமும் அவளுக்குத்தான் தெரியும். பெருமை எது, பாரம் எது என்று சொல்ல அவளைவிடத் தகுதியுள்ளவர் யார்?

இது இந்த மண்ணுக்குப் புதிய கேள்வியும் அல்ல. 1967-இல் அண்ணாவின் அரசு இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியது. மாலை மாற்றிக்கொள்ளலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். எதைச் செய்தாலும் அந்தச் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்றது. தாலி வேண்டாம் என்றவர்களுக்கும் வழி, வேண்டும் என்றவர்களுக்கும் வழி. பிற்பாடு திருமண உதவித் திட்டத்தில் அரசே தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. அந்தத் திட்டத்துக்கு வைத்திருந்த பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருடையது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய சுயமரியாதை இயக்கப் பெண்மணி அவர். இப்படிப்பட்ட நாட்டில், சட்டமன்றம் 1967-இல் பேசி முடித்ததை 2015-இல் ஒரு தொலைக்காட்சியால் பேச முடியவில்லை!

ஒரு மதத்துக்காரர்களை மட்டும் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 2006-இல் ‘டாவின்சி கோட்’ படத்துக்குத் தமிழக அரசு தடை போட்டது. உயர் நீதிமன்றம் நீக்கியது. 2013-இல் ‘விஸ்வரூபம்’ படத்துக்குத் தடை. ஆண்ட கட்சிகள் வேறு, எதிர்த்த மதங்கள் வேறு. கூட்டம் திரண்டதும் அரசு பின்வாங்கியது மட்டும் ஒன்றுதான்.

ஆவணப்படங்களின் கதையும் இதுதான். மதவெறியையும் ஆண் என்கிற திமிரையும் சேர்த்து விசாரித்து ஆனந்த் பட்வர்தன் எடுத்த ‘தந்தை, மகன், புனிதப் போர்’ 1995-இல் வந்தது. தூர்தர்ஷன் ஒளிபரப்ப மறுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் 2006-இல்தான் தீர்ப்புக் கிடைத்தது. ஒரு காட்சியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு கூச்சலிடக் கூடாது, படத்தை முழுதாகப் பார்த்து எடைபோட வேண்டும் என்பது அதன் சாரம்.

நமக்குப் பிடிக்காத உதாரணத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ இடஒதுக்கீட்டைக் குறை சொன்ன படம். அதை எதிர்த்தவர்கள் நம்மவர்கள். 1989-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் படத்தை அனுமதித்தது. கலவரம் வரும் என்ற மிரட்டலுக்குப் பயந்து பேச்சுரிமையைப் பறிக்க முடியாது, காப்பாற்றுவது அரசின் கடமை என்றது. அன்று கசந்த தீர்ப்புதான். ஆனால் தாலி விவாதத்துக்காக வாதாட இன்று நம் கையில் இருக்கும் ஆயுதமும் அதுவே.

இப்போது நம் ஊருக்கு வருவோம். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதி. 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். அங்கேயும் கேட்டது அதே வார்த்தைதான்: எங்கள் வழக்கம், எங்கள் நம்பிக்கை, எங்கள் மனம் புண்படுகிறது. உள்ளே போனவர்கள் நாத்திகர்களா? சிலையை உடைக்கப் போனார்களா? சூடம் ஏற்றிக் கும்பிடப் போனவர்கள் அவர்கள்! அடிபட்டது பக்தனின் முதுகு. 2025 ஏப்ரலில்தான் அவர்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது.

அந்தத் திரௌபதி யார்? செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிக் கோயிலை அவளுக்கு ஆதி கோயில் என்று சொல்கிறார்கள். தீமிதிக்கு முன்னால் ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும். துகிலுரிதல் அன்று தலைவிரி கோலமாக அவள் சபையில் நின்று கேட்பாள்: தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது? பீஷ்மரும் துரோணரும் வாயடைத்து நிற்பார்கள். கணவன்மாரையும் பெரியவர்களையும் ஒரு பெண் கூண்டில் நிறுத்துகிறாள். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஊர் அவளைத் தெய்வமாகக் கும்பிடுகிறது. கூத்து மேடையின் மீது இதுவரை எவனாவது டிபன் பாக்ஸ் வீசினானா?

தாய்மார்களே, பேச்சு போதும். இதோ மைக் இருக்கிறது. உங்களில் யாருக்கு விருப்பமோ அவர்கள் மேடைக்கு வாருங்கள். 2015-இல் சென்னையில் கேட்கவிடாமல் செய்த கேள்விக்கு இங்கே பதில் சொல்லுங்கள். தாலி பெருமை என்றால் பெருமை என்று சொல்லுங்கள், பாரம் என்றால் பாரம் என்று சொல்லுங்கள். எந்தப் பதிலாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கூட்டம் கலையும்.