குப்பை என்று ஒரு சொல்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் எங்க குழுவில ஊக்குநர். எங்க ஊராட்சியில தூய்மைக் காவலர் வேலையும் பாக்குறேன். தினமும் கையில எடுக்கிறது குப்பை. அதனால அந்தச் சொல்லைப் பத்தியே இன்னைக்குப் பேசலாம்னு வந்திருக்கேன்.

குப்பை என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் குவியல் என்றுதான் பொருள். நெல்லைக் குவித்து வைத்தாலும் குப்பை, உப்பைக் குவித்து வைத்தாலும் குப்பை. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஒரு ஊர் இருக்கிறது. வேண்டாததைக் குவித்த இடமும் குப்பை ஆனது. போகப் போக அந்தப் பொருள் மட்டும்தான் ஊர் வாயில் நின்றது.

ஆனா நம்ம விவசாயிங்க அந்தச் சொல்லை இன்னும் கைவிடல. "நிலத்துக்குக் குப்பை அடிச்சாச்சா?"ன்னு கேட்டா, தொழுவுரம் போட்டாச்சான்னு அர்த்தம். சாணி, சாம்பல், மாடு தின்னு கழிச்ச வைக்கோல் எல்லாம் மக்கி வந்தா அதுதான் குப்பை. ஒரு டிராக்டர் குப்பைக்குக் காசு கொடுத்து, சொல்லி வச்சு வாங்குறாங்க. வீட்டு வாசல்ல கிடந்தா மூக்கைப் பொத்துறோம், வயல்ல கிடந்தா விளைச்சல்னு சொல்றோம்.

பேரிலேயும் குப்பை இருக்கு. குப்பன், குப்பம்மாள், குப்பாயி, குப்புசாமின்னு பேர் இல்லாத ஊர் நம்ம பக்கம் உண்டா? பிறந்த பிள்ளைங்க தங்காம போன வீட்டுல, அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டுல கிடத்தி எடுத்து அந்தப் பேரை வைப்பாங்க. "இது வேண்டாத பிள்ளை"ன்னு எமனை ஏமாத்தணும். அந்தப் பேருக்குள்ள ஒரு தாயோட பயமும் ஆசையும் இருக்கு. அந்தப் பேரைக் கேட்டுச் சிரிக்கிற பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்க.

இனி நம்ம வாய்ப்பேச்சுக்கு வருவோம். படம் பிடிக்கலன்னா "குப்பைப் படம்". பழைய சண்டையை எடுத்தா "குப்பையைக் கிளறாத". இதெல்லாம் போகட்டும். "இந்த மனுசனோட இருபது வருசமா குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன்"னு சொல்றோமே, அதை மட்டும் கொஞ்சம் யோசிங்க. ஆம்பளைங்களும் வேலை பாக்குற எடத்தைப் பத்தி இப்படித்தான் சொல்றாங்க. ஆனா அவங்களுக்கு அது வெறும் பேச்சு. நமக்கு அது நிஜம். விடிஞ்சதும் கூட்டி, வாரி, கொண்டுபோய்க் கொட்டுறது நம்ம கைதான். சோறாக்குறது, பிள்ளை வளர்க்கிறது, தண்ணி சுமக்கிறது, மாட்டைப் பாக்கிறது எல்லாத்தையும் சேர்த்து "குப்பை கொட்டுறேன்"னு நாமளே ஒரே சொல்லுல தள்ளிடுறோம். சந்தா கட்டுறோம், உள்கடன் வாங்கித் திருப்புறோம், வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போடுறோம். இதெல்லாம் குப்பை கொட்டுறதா? இல்ல, குடும்பம் நடத்துறது. அப்படியே வாய் நிறையச் சொல்லுங்க.

இன்னொண்ணு. காலையில நான் வண்டியைத் தள்ளிக்கிட்டு விசில் ஊதினா, உள்ளே இருந்து ஒரு பிள்ளை கத்தும்: "அம்மா, குப்பை வந்துடுச்சு!" பிள்ளை மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா வந்தது குப்பை இல்லையே, குப்பை உங்க வீட்டுக்குள்ள இருக்கு. வந்தது நான். "குப்பைக்காரி"ன்னும் சொல்றாங்க. குப்பையைப் போட்டவங்களுக்கு அந்தப் பேர் இல்ல, எடுக்கிறவளுக்கு அந்தப் பேர். அரசாங்கமே தூய்மைக் காவலர், தூய்மைப் பணியாளர்னு பேர் வச்சிருக்கு. அதுவும் வாயில வரலன்னா அக்கான்னு கூப்பிடுங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க.

சொல்லோட சேர்த்து கையும் மாறணும். உடைஞ்ச கண்ணாடி, பிளேடு, ஊசி, பயன்படுத்தின நாப்கின், பிள்ளைங்க டயபர் எல்லாத்தையும் சோத்தோட கலந்து கொடுத்தா, பிரிக்கிறது எங்க கை. அந்தக் கண்ணாடி கிழிச்ச தழும்பு என் கையில இருக்கு. மக்குறது, மக்காதது, ஆபத்தானதுன்னு மூணா வீட்டிலேயே பிரிக்கணும்னு 2016-ல் வந்த திடக்கழிவு விதியே சொல்லுச்சு. நாப்கினை நல்லாச் சுத்திக் கொடுக்கணும்னும் அதிலேயே இருந்துச்சு.

மலைச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பெரியார் அருவிக்கும் மேகம் அருவிக்கும் வர்றவங்க விட்டுட்டுப் போற பாட்டிலும் பையும் மழையில அடிச்சு ஓடையில இறங்குது. கோமுகி ஆறு பிறக்கிறது உங்க மலையில, அணையில தேங்கிப் பாயுறது எங்க நிலத்துல. ஒருதடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கு. நீங்க மேலே இருந்து கேளுங்க, நாங்க கீழே இருந்து கேக்குறோம். பிளாஸ்டிக்கைக் கொளுத்தவும் வேண்டாம். அந்தப் புகை முதல்ல ஏறுறது பக்கத்துல நிக்கிற நம்ம நெஞ்சுலதான்.

கடைசியா மூணு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்துல தீர்மானப் புத்தகத்துல எழுதணும். ஒண்ணு, வீட்டுலேயே பிரிச்சுக் கொடுப்போம். ரெண்டு, மக்குறதை உரக்குழியில போட்டு நம்ம தோட்டத்துக்கே உரமாக்குவோம். மூணு, எந்த மனுசரையும் குப்பைன்னு கூப்பிட மாட்டோம், நம்மளையும் சேர்த்துத்தான்.