குறைந்த கட்டண விமானமும் நம்ம ஊரும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "நீ பிளைட் கம்பெனியிலதானே இருக்க, அதைப் பத்தியே பேசு. ஆனா கிளாஸ் எடுத்துராதே" என்று எச்சரிக்கை கொடுத்துத்தான் கூப்பிட்டார். நான் இயந்திரவியல் படித்தவன். சென்னையில் ஒரு குறைந்த கட்டண விமான நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிற பிரிவில் வேலை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் செய்கிற வேலைதான், கொஞ்சம் கணக்கு அதிகம், அவ்வளவே.

ஊருக்கு வந்தால் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். போன பொங்கலுக்கு எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "ஏ மருமவனே, மலிவு விலை பிளைட்டுன்னு சொல்லுதிய. சென்னையில இருந்து பெங்களூருக்குக் கம்மியா கேக்கான், வாகைக்குளத்துக்கு மட்டும் ஏம்ல இந்த வெல சொல்லுதான்?" என்று பிடித்துக்கொண்டார். டீக்கடை பெஞ்சில் வைத்துச் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. இங்கே இருபது நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள், முயற்சி செய்கிறேன்.

நம் நாட்டில் இந்த வகை விமான சேவையைத் தொடங்கி வைத்தது 2003-ல் கேப்டன் கோபிநாத் ஆரம்பித்த ஏர் டெக்கான். ஆர்.கே. லட்சுமண் வரைந்த சாமானியன்தான் அதன் சின்னம். ஒரு ரூபாய்க்குக்கூடச் சில இருக்கைகளை விற்றார்கள். 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்கு மற்ற கதையைச் சொல்ல வேண்டியதில்லை. 2005-ல் ஸ்பைஸ்ஜெட், 2006-ல் இண்டிகோ என்று வரிசையாக வந்தன. அந்த 2006-ல்தான் ஏர் டெக்கான் சென்னையிலிருந்து நம் வாகைக்குளத்துக்கும் பறந்தது. 1992-ல் திறந்த விமான நிலையம், நடுவில் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். பிறகு ஏர் டெக்கான் கிங்ஃபிஷரோடு போய்ச் சேர்ந்தது, கிங்ஃபிஷர் 2012-ல் நின்றுபோனது. நல்ல வேளையாக நம் ஊர் சேவை வேறு கைகளுக்கு மாறி நிலைத்தது.

சரி, கட்டணம் எப்படிக் குறைகிறது? சாப்பாடு கொடுப்பதில்லை, அதனால் மிச்சம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு உப்புமாவில் என்ன மிச்சமாகும்? மிச்சம் எல்லாம் தரையில்தான். அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் என்ற நிறுவனம் 1971-ல் தொடங்கியது. மறு வருடமே பணமுடை. இருந்த 4 விமானங்களில் ஒன்றை விற்றார்கள். ஆனால் அட்டவணையைக் குறைக்கவில்லை. 4 விமானம் ஓட்டிய நடையை 3 விமானத்தால் ஓட்ட வேண்டுமானால், வந்து இறங்கிய விமானம் பத்தே நிமிடத்தில் திரும்பக் கிளம்ப வேண்டும். கிளப்பினார்கள். உலகத்தில் உள்ள அத்தனை மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கும் அதுதான் பாலபாடம்.

இன்று எங்களுக்கு 25-லிருந்து 30 நிமிடம். சக்கரத்துக்குக் கட்டை வைத்த நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஏ320 என்றால் முன்வாசல், பின்வாசல் இரண்டிலும் படி வைத்து ஆட்களை இறக்குவோம். வயிற்றில் பெட்டி இறங்கும், இறக்கையில் எரிபொருள் ஏறும், விமானப் பணிப்பெண்களே குப்பை பொறுக்கி, சீட் பெல்ட்டை மடித்து வைத்துவிடுவார்கள். என்ஜினீயர் ஒருவர் டார்ச்சோடு சுற்றி வந்து டயரையும் என்ஜின் தகடுகளையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெயில் காலத்தில் தார்த்தரை கொதிக்கிற கொதிப்பில் பெட்டி தூக்குகிற பையன்களைப் பார்த்தால், உங்கள் டிக்கெட்டில் குறைந்த பணம் யாருடைய முதுகிலிருந்து வருகிறது என்று தெரியும். இதைக் கூட்டத்தில் சொல்லக் கூடாது என்பார்கள், நான் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். ஒரு விமானம் நாளைக்கு ஆறு நடை போகிறது, ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் மிச்சம் என்றால் 2 மணி நேரம். அந்த நேரத்தில் சென்னையிலிருந்து வாகைக்குளத்துக்கு ஒரு நடை கூடுதலாகப் போகலாம். அதே விமானம், அதே வாடகை, கூடுதலாக ஒரு விமானம் நிறைய டிக்கெட். மலிவு அங்கேதான் பிறக்கிறது.

இனி சென்னைக்கு வருவோம். ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேற்பட்ட பயணிகள். ஓடுதளம் இரண்டு இருக்கிறது, ஆனால் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகிறது. இரண்டாவதை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டியிருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். குறுக்கே வெட்டுவதால் இரண்டையும் தனித்தனியாக, ஒரே நேரத்தில் முழு வேகத்தில் பயன்படுத்த முடியாது. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை எல்லாருக்கும் இடம் வேண்டும். தரையில் நாங்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த இருபது நிமிடத்தை வரிசையில் நின்றும், வானத்தில் வட்டமடித்தும் தொலைக்கிறோம். ஐரோப்பாவில் ரயான்ஏர் போன்றவர்கள் இதற்குப் பயந்துதான் ஊருக்கு வெளியே தள்ளியிருக்கும் சின்ன விமான நிலையங்களாகப் பார்த்துப் போனார்கள். ஃபிராங்ஃபர்ட் பெயரை வைத்துக்கொண்டு 120 கிலோமீட்டர் தள்ளி இறக்கினார்கள்! சென்னைக்கு அப்படி இரண்டாவது நிலையம் இல்லை. பரந்தூர் திட்டம் பேச்சில் இருக்கிறது. அங்கே வயலும் ஏரியும் போகிறதே என்று ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடுவதை ஆற்றங்கரைக்காரர்களான நாம் அலட்சியமாகப் பேச முடியாது.

நெரிசலான நிலையத்தில் இறங்கவும் ஏறவும் கொடுக்கப்படும் நேர ஒதுக்கீட்டை நாங்கள் ஸ்லாட் என்போம். உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், முறைத் தண்ணீர். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு இருக்கிறது. மேலே இருப்பவன் மடை திறந்து பாய்ச்சிய பிறகுதான் ஸ்ரீவைகுண்டத்துக்காரனுக்கு. ஸ்லாட்டும் அதேதான். போன பருவத்தில் பாய்ச்சியவனுக்கே இந்தப் பருவத்திலும் முறை, நூற்றுக்கு எண்பது நாள் ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும். உலகெங்கும் உள்ள வழக்கம் இது. புதிதாக வருகிற கம்பெனிக்கு யாருக்கும் வேண்டாத நேரம்தான் கிடைக்கும், மத்தியானம் இரண்டு மணி, ராத்திரி பதினொன்றரை என்று.

இதில் கடைமடை யார்? நாம்தான். வாகைக்குளத்தின் பழைய ஓடுதளம் 1350 மீட்டர். அதில் ஏடிஆர் மாதிரியான புரொப்பெல்லர் விமானம்தான் இறங்க முடியும், 78 இருக்கை. உச்சி வெயிலில் காற்றின் அடர்த்தி குறையும், அப்போது எடையையும் குறைக்க வேண்டி வரும். அது ஏன் 78 என்று ஒரு தம்பி முன்பு என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. 80 இருக்கைக்குக் குறைவான விமானங்களுக்கு இறங்கு கட்டணம் கிடையாது, சின்ன விமானங்களின் எரிபொருள் மீதான விற்பனை வரியும் 4 சதவீதம்தான் என்று 2000-களில் அரசு சலுகை கொடுத்தது. சின்ன ஊர்களுக்கு விமானம் வர வேண்டும் என்ற நல்ல நோக்கம். 78 இருக்கை அந்தச் சலுகைக்குள் நிற்கும்.

ஆனால் சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு. ஏடிஆர் இறங்கினாலும் ஒரு ஸ்லாட், 180 பேரோடு ஏ320 இறங்கினாலும் ஒரு ஸ்லாட். மடை திறக்கிற நேரம் ஒன்று, பாய்கிற பரப்பு பாதிக்கும் குறைவு. போதாக்குறைக்கு ஏடிஆர் இறங்கி வருகிற வேகமும் குறைவு, பின்னால் வருகிறவன் பிரேக் போட வேண்டும். சலுகையால் நிலையத்துக்கு வருமானமும் இல்லை. காலை நேர ஸ்லாட் ஒன்று தட்டுப்பட்டால் அட்டவணை போடுகிறவன் கை எங்கே போகும்? டெல்லிக்கோ மும்பைக்கோதான். திட்டம் போட்டு நம்மை யாரும் ஒதுக்கவில்லை, கணக்கு அப்படி விழுகிறது. இருக்கை குறைவு, போட்டி குறைவு, தீபாவளிக்கு ஊரே வரப் பார்க்கிறது. அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

அதனால்தான் 2025 ஜூலையில் பிரதமர் திறந்து வைத்த புது முனையத்தைப் பற்றி எல்லாரும் பேசும்போது, நான் ஓடுதளத்தைப் பற்றிப் பேசுகிறேன். சுமார் 450 கோடி ரூபாய்த் திட்டம். கண்ணாடிக் கட்டடம் அழகுதான், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 1350 மீட்டர் 3115 மீட்டர் ஆனதே, அதுதான் நமக்குக் கிடைத்த பெரிய மடை. அதே ஸ்லாட்டில் இனி 180 பேர் வரலாம். தலைக்கு விழுகிற செலவும் இறங்கும்.

"வரலாம்" என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். 180 இருக்கையில் நூற்று ஐம்பதாவது தினமும் நிறைந்தால்தான் கம்பெனி அசையும். நமக்கு நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் கொண்டு விடுகிறது. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் திருவனந்தபுரத்துக்குக் கார் பிடிக்கிறார்கள், மற்றவர்கள் மதுரைக்கு. இப்படி மூன்று பக்கமும் பிரிந்து போகிற கூட்டத்தில் எத்தனை பேர் வாகைக்குளம் வருவார்கள் என்பதற்கு ஒரு கணக்கு வேண்டும். எந்தக் கம்பெனியும் அந்தக் கணக்கை நெல்லைக்கு வந்து எடுக்காது, பக்கத்து ஊர் எண்களை வைத்து ஊகிக்கும்.

அந்தக் கணக்கை நம் கல்லூரி எடுக்கலாம். சிவில், இயந்திரவியல் இறுதியாண்டு மாணவர்களுக்கு நல்ல புராஜெக்ட். ஜங்ஷனில் நில்லுங்கள், மருத்துவமனைகளில் கேளுங்கள், தூத்துக்குடித் துறைமுகத்தில், கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில், பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு கொடுக்க முடியும், இப்போது எதில் போகிறீர்கள் என்று நாலே கேள்வி. ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த எண்கள் கையில் இருந்தால், வர்த்தக சங்கம் விமானக் கம்பெனிகளுக்கு மனு கொடுக்கும்போது வெறும் மனுவாகப் போகாது. அட்டவணை போடுகிறவனுக்கு எந்த வடிவத்தில் எண்கள் வேண்டும் என்பதை நான் சொல்லித் தருகிறேன். கேள்வித்தாளின் நகல் ஒன்றைத் துறைத் தலைவரிடம் இன்று காலையே கொடுத்திருக்கிறேன்.

குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கும், கோடைக்காலத்தது மார்ச் கடைசி ஞாயிறு. ஸ்லாட்டுக்கான விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முன்னாலேயே போய்விடும். விருப்பமுள்ள மாணவர்கள் சாப்பாட்டு நேரத்தில் என்னை வந்து பாருங்கள், பந்தியில் கடைசி வரிசையில் இருப்பேன்.