மலிவான முன்பெருக்கியும் வீட்டு ஒலிப்பதிவும்

குரலைப் பதிவு செய்ய ஒலிபரப்பு நிலையத்தையோ இசைத்தட்டு நிறுவனத்தையோ நாடவேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. இன்று வீட்டின் ஓர் அறையே கலையகமாகிவிட்டது. முதுமையுற்ற பாட்டியின் தாலாட்டைப் பதிந்து காக்க விழையும் பேரன் ஒருவன் ஒலிவாங்கி வாங்கிவிட்டான் எனக் கொள்வோம். முன்பெருக்கி என்னும் சிறு பெட்டியை மலிவாக வாங்குவதா, நல்லதொன்றுக்குப் பணம் சேரும்வரை காத்திருப்பதா என்பதே அவனுக்கு எழும் ஐயம்.

முன்பெருக்கியின் தொழில் யாது? இயங்குசுருள் ஒலிவாங்கிக்கு ஒரு சாண் தொலைவிலிருந்து பேசினால், அதிற் பிறக்கும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ற்றுக்கும் குறைவே. அதனை ஏறத்தாழ 1000 மடங்கு, அதாவது 60 டெசிபெல், உயர்த்தினாலன்றிப் பதிவுக் கருவிக்குப் போதாது. குரல் உயரும்போது இரைச்சலும் உடன் உயரும்.

அவ்விரைச்சல் முழுவதும் பெட்டியின் குற்றமன்று. மின்தடை எதிலும் வெப்பத்தினால் இலத்திரன்கள் ஓயாது அசைகின்றன. அவ்வசைவு தரும் இரைச்சலை அளந்த ஜோன்சனும், அதற்கு விளக்கங் கண்ட நைகுவிஸ்றும் தம் ஆய்வுகளை 1928இல் வெளியிட்டனர். 150 ஓம் தடையுள்ள ஒலிவாங்கி, செவிக்கு எட்டும் அதிர்வெண்கள் முழுவதிலும், ஏறத்தாழ 0.22 மைக்குரோவோல்ற்று இரைச்சலைத் தானே தருகின்றது. பொன்னைக் கொட்டினும் எந்தப் பெட்டியும் இதனை அகற்றாது. இன்றைய மலிவான பெட்டிகளுட் பல, இவ்வெல்லைக்குச் சில டெசிபெல் அண்மையிலேயே நிற்கின்றன.

அறையின் நிலை என்ன? 30 டெசிபெல் அளவே ஓசையுள்ள அமைதியான அறைகூட, அவ்வொலிவாங்கியில் ஏறத்தாழ ஒரு மைக்குரோவோல்ற்றை எழுப்பும். மின்விசிறி சுழன்றால் அது பன்மடங்காகும்.

இதனைச் சோதித்தறிதல் எளிது. விலையுயர்ந்த பெட்டி ஒன்றை இரவலாகப் பெறுக. ஒரே ஒலிவாங்கி, ஒரே தொலைவு, ஒரே பாட்டு. இரு பதிவுகளின் ஒலியளவையும் சமப்படுத்துக. சற்றே உரத்தது எதுவோ அதுவே சிறந்ததெனச் செவி மயங்கும். பின்னர் எது எதுவெனக் கூறாமல் வேறொருவர் ஒலிக்கச்செய்யட்டும். அடுத்து, விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, தடித்த துணிகளைத் தொங்கவிட்டு, மலிவான பெட்டியிலேயே மீண்டும் பதிக. எந்த மாற்றம் பெரிதென்று செவியே தீர்ப்புரைக்கும்.

மலிவான பெட்டிக்குக் குறைகள் உண்டு. பெருக்கக் குமிழை இறுதிவரை திருப்பினாற் சீறல் மிகலாம். முழங்கும் பறையை அருகில் வைத்தால் ஒலி சிதையலாம். ஆயின், அருகிலிருந்து பாடும் குரலுக்கு அது பெரும்பாலும் போதும்.

பேரன் பணம் சேரும்வரை காத்திருக்கலாம். பாட்டியின் குரல் காத்திராது.